மிருக வைத்தியமா, கடலுயிரியலா? தெரிவு வரிசை எழுத முன்னர் இரண்டையும் கிட்டப் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் கைக்கு வந்ததும் திருகோணமலையில் உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி காணாது, அடுத்தது என்ன? “பிள்ளைக்கு மிருகங்கள் என்றால் உயிர்” என்று சொல்லிக்கொண்டு மிருக வைத்தியத்தையும் கடலுயிரியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். எது கிடைக்கிறதோ அதைப் படிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடிதத்தை எழுதும் எங்களில் ஒருவர் மிருக வைத்தியர், மற்றவர் கடல்வள ஆய்வாளர். இந்த இரண்டும் ஒரே விருப்பத்தின் இரண்டு கிளைகள் அல்ல என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். மிருக வைத்தியர் தனக்கு முன்னால் கிடக்கும் ஒரு உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறார். கடலுயிரியலாளர் ஒரு இனம் முழுவதற்கும் என்ன நடக்கிறது என்று கணக்குப் பார்க்கிறார். ஒன்றில் சிறந்து விளங்கும் பிள்ளை மற்றதில் மனம் வெறுத்துப்போக நிறைய இடமுண்டு.

மிருக வைத்தியம் என்றதும் பிள்ளைகள் நாய்க்குட்டியையும் யானையையும் நினைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தத் தொழிலின் பெரும்பகுதி மாடு, எருமை, ஆடு, கோழி. கிண்ணியா, மூதூர், சேருவில, கந்தளாய்ப் பக்கங்களில் பட்டிகளுக்குப் போக வேண்டும். வெயிலில், சேற்றில், சில நேரம் நடுச்சாமத்தில் கைவிளக்கு வெளிச்சத்தில் வேலை.

ஒரு உதாரணம். நல்ல கறவை மாடு ஒன்று கன்று போட்டு மூன்று நாளுக்குள் எழும்ப முடியாமல், தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கிடக்கும். காதைத் தொட்டால் குளிரும். பால் சுரப்புக்குக் கல்சியம் திடீரென்று இழுபட்டு இரத்தத்தில் குறைந்ததுதான் காரணம். கல்சியம் போரோகுளுக்கோனேற் கரைசல் ஒரு போத்தலை உடம்புச் சூட்டுக்கு இளஞ்சூடாக்கி, கழுத்து நாளத்தில் பத்து முதல் இருபது நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். ஒரு கையில் போத்தல் இருக்கும், மறு கை ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் பிடித்திருக்கும். துடிப்பு தாளம் தப்பினால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு மளமளவென்று ஏற்றினால், மாட்டை எழுப்ப வேண்டிய கல்சியமே அதன் இதயத்தை நிறுத்திவிடும். சரியாகச் செய்தால் மாடு ஏப்பம் விடும், சாணம் போடும், பிறகு தள்ளாடி எழும்பும். இந்த இருபது நிமிடப் பொறுமை இயல்பாக வருகிற பிள்ளைக்கு இந்தத் தொழில் பொருந்தும்.

இன்னொன்று நகரத்தில் எல்லோரும் காண்பது. கோட்டைக்குள்ளும் கடற்கரையோரமும் திரியும் புள்ளிமான்களும் கட்டாக்காலி மாடுகளும் சோற்றுப் பொலித்தீனை மணத்துக்காக விழுங்குகின்றன. அது முதல் இரைப்பையில் தங்கிவிடும், கீழே இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கயிறும் வைக்கோலும் சுற்றி உருண்டையாகிறது. வயிறு நிரம்பிய உணர்வு இருப்பதால் மிருகம் மேயாது. இடது பக்கம் உப்பும், சாணம் குறையும், எலும்பு தெரியும். மாட்டுக்கென்றால் சத்திரசிகிச்சை செய்யலாம். மாட்டை நிற்க வைத்தே, இடது விலாவுக்குப் பின்னுள்ள குழியில் விறைப்பூசி போட்டு வெட்டுவார்கள். இதில் முக்கியமானது வெட்டு அல்ல. இரைப்பையைத் திறக்க முன்னர் அதன் சுவரை வெளித்தோலோடு சுற்றிவரத் தைத்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் உள்ளிருக்கும் நொதித்த தீன் வயிற்றறைக்குள் சிந்தும். வெட்டும் தையலும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மாடு சில நாளில் வயிற்றறை அழற்சியால் செத்துவிடும். மானுக்கு இதைச் செய்வது இதைவிடக் கடினம், ஏனென்றால் காட்டு மிருகத்தைப் பிடிப்பதிலும் மயக்குவதிலும் ஏற்படும் பதற்றமே அதைக் கொன்றுவிடக்கூடும். குப்பையை மூடி வைப்பதுதான் மானுக்கு மருந்து. நகரசபையும் நாமும் செய்ய வேண்டிய வேலை அது.

காப்பாற்ற முடியாததைக் கருணையோடு முடித்து வைப்பதும் மிருக வைத்தியரின் கடமைதான். கொல்களத்தில் இறைச்சியைப் பரிசோதிப்பதும் அவர்களின் பொறுப்புக்குள் வரும். நஞ்சுக்கொடி விழாத மாட்டில் கையுறை இல்லாமல் கை வைத்தால் புரூசெல்லா கிருமி வைத்தியருக்கே தொற்றும். நாய்களோடு பழக முன்னரே விசர் நோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டமாகச் செத்தபோது, மிருக வைத்தியர்கள் செய்ய வேண்டியிருந்தது இறந்த உடல்களைத் திறந்து பார்த்து, மாதிரி எடுத்து அனுப்பி, இது தொற்றுநோய் இல்லை, குளிர் அதிர்ச்சி என்று உறுதிப்படுத்துவது. பட்டி முழுவதையும் இழந்த மனிதர் பக்கத்தில் நின்று அழும்போது இதைச் செய்ய வேண்டும். மிருகத்தோடு பழகத் தெரிந்தால் போதும், மனிதரோடு பேசத் தேவையில்லை என்று நினைத்து இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகள் மிகவும் கஷ்டப்படுவார்கள்.

இனிக் கடலுயிரியல். இங்கே பிள்ளைகள் மனதில் இருப்பது புறாத்தீவுப் பவளப்பாறையும், கோணேசர் மலைக்கு அப்பால் ஆழ்கடலில் தெரியும் நீலத்திமிங்கிலமும். அந்த ஆசை வீணானதல்ல. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு என்று சொல்லப்படும் இரண்டு சிறு தீவுகளும் 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எங்கள் துறைமுகத்தை ஒட்டிக் கடலடியில் ஓடும் ஆழமான பள்ளத்தாக்கினால்தான் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன. உலகில் வெகு சில ஊர்களுக்கே இப்படிக் கடல் வாய்த்திருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் ஒருவரின் ஆண்டில் தண்ணீருக்குள் கழியும் நேரம் கொஞ்சம், மேசையில் கழியும் நேரம் அதிகம்.

வேலை எப்படியிருக்கும்? விடிய முன்னர் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலோ திருக்கடலூர்க் கரையிலோ நிற்க வேண்டும். வள்ளம் வந்ததும் ஒரு இனத்தை, கும்பளா என்று வைத்துக்கொள்வோம், அள்ளி எடுத்து அளவுப் பலகையில் வைத்து மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரை அளந்து எழுத வேண்டும். நிறை எடுக்க வேண்டும். வயிற்றைக் கீறிச் சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து, மெல்லியதாக உரைத்து, நுணுக்குக்காட்டியில் வளையங்களை எண்ணி வயது பார்க்க வேண்டும். இதை மாதாமாதம், ஆண்டு முழுவதும் செய்தால்தான் அந்த மீன் எந்த நீளத்தில் முதன்முதல் சினைப்படுகிறது, எந்த மாதங்களில் முட்டையிடுகிறது என்று சொல்ல முடியும். வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தக் காலத்தில் பிடிக்கக் கூடாது என்ற விதிகள் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். மீன்கூட்டத்தைச் சுற்றிவளைத்து அள்ளும் சுருக்குவலை பற்றி எங்கள் கரைகளில் நடக்கும் சண்டையில் இரு தரப்பும் கத்துகின்றன. அங்கே உணர்ச்சி போதியளவு இருக்கிறது, மாதவாரி அளவீடுதான் குறைவாக இருக்கிறது.

பிழை எங்கே நுழைகிறது என்றும் சொல்ல வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை, கடல் கொந்தளிப்பதால் மாதிரி எடுப்பு தடைப்படும். அந்த மாதங்களை வெற்றிடமாக விட்டுவிட்டு மிச்சத்தை வைத்து இனப்பெருக்க காலத்தைக் கணித்தால், முட்டையிடும் காலம் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே இருந்தாலும் தெரியாது. அதேபோல் வியாபாரி பெரிய மீனை முதலில் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய கூடையை அளந்தால் இனமே சிறுத்துப்போனது போலத் தோன்றும். அடிப்படை தவறான தரவை எந்தக் கணினி மென்பொருளும் திருத்தித் தராது.

பவளப்பாறைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். பாறையின் மேல் 50 மீற்றர் நாடாவை ஒரே ஆழத்தில் விரித்து, ஒவ்வொரு அரை மீற்றருக்கும் கீழே என்ன இருக்கிறது என்று எழுதுவார்கள்: உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, மணல். நூறு புள்ளிகள் வருவதால் எண்ணிக்கையே நூற்றுவீதமாகிவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் வேறு ஆழத்தில் விரித்தால் ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை. கடல்நீர் அந்த இடத்தின் வழமையான உச்சக் கோடை வெப்பத்தை விட 1 பாகை செல்சியஸ் கூடி ஒரு மாதம் நின்றாலே பவளம் வெளிறத் தொடங்கும், இன்னும் நீடித்தால் செத்துப்போகும். 1998 இல் தெற்கில் ஹிக்கடுவைப் பாறைகள் வெளிறி அழிந்தபோது எங்கள் பாறைகள் பெரும்பாலும் தப்பின. அந்த ஒப்பீட்டைச் செய்ய முடிந்ததே இரண்டு இடத்திலும் கவனித்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான். வெளிறிய பவளத்துக்கு ஊசி போட முடியாது. ஒரு உயிரையாவது கையால் தொட்டுக் குணப்படுத்த வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு இந்தக் கையறு நிலை தாங்காது. ஆனால் ஏன் நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் வேலை இருக்கிறது. புள்ளிவிபரவியலுக்குப் பயந்து கணிதத்தை விட்டு உயிரியலுக்கு வந்தவர்கள் கவனிக்கவும். அது இங்கே பின்னாலேயே வரும்.

இரண்டு தொழிலும் கைகோர்க்கும் இடமும் உண்டு, அதுவும் எங்கள் கரையில். 2017 மே மாத இறுதியில் சம்பூர்ப் பக்கம் இருபது அளவில் பைலற் திமிங்கிலங்கள் கரையொதுங்கி, ஊர் மக்களும் கடற்படையினரும் சேர்ந்து அவற்றைத் திரும்பக் கடலுக்குள் தள்ளினார்கள். அப்படியான நேரத்தில் மூச்சுத் துளைக்குள் தண்ணீர் போகாமல் உடம்பை ஈரத்துணியால் மூட வேண்டும், வாலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டி இடம் விட வேண்டும். அதன் உடல்நிலையைப் பார்ப்பது மிருக வைத்தியர். எந்த இனம், எந்த வயது, ஏன் இந்தப் பக்கம் வந்தது என்று பார்ப்பது கடலுயிரியலாளர். செத்து ஒதுங்கினால் உடனே திறக்க வேண்டும், ஏனென்றால் தடித்த கொழுப்புப் படை உள்வெப்பத்தை விடாது, ஒரே நாளில் உள்ளுறுப்புகள் அழுகிக் காரணம் மறைந்துவிடும். 2021 இல் இரசாயனங்கள் ஏற்றி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இரசாயனமா, வலையா, படகின் விசிறியா என்று பிரித்தறிய இரண்டு தரப்பினரும் தேவைப்பட்டார்கள். கடலாமையும் திமிங்கிலமும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வனஜீவராசிகள் திணைக்களம் இல்லாமல் ஒரு துண்டு இழையம்கூட எடுக்கக் கூடாது.

இங்கேதான் பிள்ளைகள் பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் விடயம் வருகிறது. ஆமைக்கும் டொல்பினுக்கும் வைத்தியம் செய்ய ஆசைப்படுகிறவர் படிக்க வேண்டியது கடலுயிரியல் அல்ல, மிருக வைத்தியம். பட்டம் பெற்று இலங்கை மிருக வைத்திய சபையில் பதிந்தவர்தான் வைத்தியம் செய்யலாம். கடலுயிரியல் பட்டதாரி எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்த உரிமை கிடையாது. பின்னர் மனம் மாறினால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். மறுபக்கம் மிருக வைத்தியப் பட்டத்தோடு மீன் நோயியலிலோ நீர்வாழ் உயிரினச் சுகாதாரத்திலோ பட்டப்பின்படிப்புக்குப் போக வழியுண்டு. 1996 இல் வெண்புள்ளி வைரஸ் வந்து புத்தளத்து இறால் பண்ணைகளை அழித்ததை நினைத்தால், அந்த அறிவு எவ்வளவு பெறுமதியானது என்று தெரியும். ஆனால் இந்த வசதியை மட்டும் பார்த்து மிருக வைத்தியத்தைத் தெரிவு செய்யச் சொல்ல மாட்டோம். மீன் வைத்தியராக முன்னர் மாடு, கோழி, நாய் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் படித்துத்தான் ஆக வேண்டும், அதில் விருப்பம் இல்லாதவர் பாதியில் நொந்துபோவார்.

படிக்கும் இடங்களைப் பற்றி. மிருக வைத்தியத்துக்கு நாட்டில் ஒரே பீடம்தான், பேராதனையில். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கடல்சார் பட்டங்களுக்கு வழிகள் கூட: மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடம், வயம்ப, ஊவா வெல்லஸ்ஸ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் துறை, 2014 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சமுத்திரப் பல்கலைக்கழகம். சாதாரண விஞ்ஞானப் பட்டத்தில் விலங்கியலை எடுத்து அதிலிருந்து கடலுக்குத் திரும்பினவர்களும் நிறைய. தமிழ்நாட்டுக்குப் போக வசதியுள்ளவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. வெளிநாட்டில் மிருக வைத்தியம் படிக்கப் போகிறவர்கள் மட்டும், அந்தப் பட்டத்தை இங்கே சபை ஏற்குமா, திரும்பி வந்தால் என்ன பரீட்சை என்று காசு கட்ட முன்னரே எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் விடக் கூடாது. எங்கள் மாவட்டத்தின் கடந்த சில ஆண்டு இசற் புள்ளியை (அனுமதிக்குப் பார்க்கும் Z-score) பாருங்கள். தெரிவு வரிசையில் உண்மையில் விரும்புவதை மேலே எழுதுங்கள். கிடைக்கும் என்று நம்பும் ஒன்றை மேலே போட்டால் அதுவே கிடைக்கும், அதற்குக் கீழே எழுதியதை யாரும் பார்க்க மாட்டார்கள். இப்படி வரிசை மாற்றி எழுதி, புள்ளி இருந்தும் பேராதனையைத் தவறவிட்டவர்கள் உண்டு.

வேலைவாய்ப்பில் வித்தியாசம் பெரியது, அதை மறைக்கக் கூடாது. மிருக வைத்தியருக்குத் தொழிலுரிமை சட்டத்தால் காக்கப்பட்டது. அரச சேவை, கோழிப்பண்ணை, மருந்து நிறுவனம், சொந்தச் சிகிச்சை நிலையம் என்று பல வழிகள். கடலுயிரியலில் அப்படி வேலி கிடையாது. நீர்வள ஆராய்ச்சி செய்யும் நாரா, நீருயிரின வளர்ப்பைக் கவனிக்கும் நக்டா, கடற்றொழில் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை ஆகியவற்றில் வெற்றிடம் வரும்போது வர்த்தமானியில் வரும், ஆண்டுதோறும் வரும் என்றில்லை. மீன் ஏற்றுமதி நிறுவனங்களின் தரக் கட்டுப்பாடு, கடலட்டை, இறால் பண்ணைகள், சுற்றாடல் தாக்க மதிப்பீடு இவைதான் தனியார் பக்கம். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை நிறுத்தி, 2016 இல் திரும்பத் திறந்தது. கடற்பயணப் பதிவும் பிடிபாட்டுத் தரவும் சரியில்லாவிட்டால் ஏற்றுமதியே நின்றுவிடும் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது. அந்தத் தரவைச் சரியாகப் பராமரிக்கத் தெரிந்த, நல்ல ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த, சிங்களமும் பேசக்கூடிய பட்டதாரி வேலையில்லாமல் அதிக நாள் இருக்க மாட்டார். வெறும் பட்டச் சான்றிதழோடு இருப்பவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவராது என்று பெற்றோர் இரண்டுக்கும் சொல்கிறார்கள். கன்று குறுக்கே நிற்கும் மாட்டில் தேவைப்படுவது பலம் அல்ல. முக்கல் நிற்கும் இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளித் தலையை நேராக்கும் நுட்பம். மெலிந்த கை அங்கே வசதிகூட. கடலில், விடியற்காலைக் கரையில் ஆண்களுக்கு நடுவே நிற்பதுதான் பெற்றோரின் தயக்கம். அதற்கு விடை பிள்ளையை மறிப்பதல்ல, இரண்டு பேராகச் சேர்த்து அனுப்புவதும் வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு முன்கூட்டியே பேசி வைப்பதும்.

கடைசியாக, பாடசாலைகளின் தொழில் வழிகாட்டல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தத் தெரிவு உயர்தரப் பெறுபேற்றோடு நடப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தரப் பாடம் எடுக்கும் வாரத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது. பௌதிகவியல் கஷ்டம் என்று அதை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடுக்கும் பிள்ளைக்குப் பேராதனை மிருக வைத்திய பீடம் அன்றைக்கே மூடிவிடுகிறது, அதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்து வரும் விடுமுறையில் விருப்பமுள்ள பிள்ளைகளை இரண்டு நாள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் இரண்டு நாள் கொட்பேக்கும் அனுப்புங்கள். அதிபரின் கடிதம் ஒன்றோடு போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முழுக்கைச் சட்டையும் பழைய சப்பாத்தும் போட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள். பாடத் தெரிவுப் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பட்டும்.

இப்படிக்கு,
மிருக வைத்தியர் ஒருவரும் கடல்வள ஆய்வாளர் ஒருவரும்
திருகோணமலை